ஒரு வீட்டில் இரு பருவம்

நம் கலாசாலையை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், ஆண்டு மலரின் ஆசிரியர் எம்மை மறவாது, யாதேனும் ஒன்று எழுதியனுப்புமாறு பணித்தமைக்கு எம் நன்றி உரித்தாகுக. கடல் கடந்த நாட்டில் வாழ்வோர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் அந்நாட்டின் வானளாவும் மாளிகைகளையும் பேரருவிகளையும் பற்றியனவாக அமைதல் வழக்கம். யாம் எழுதப் புகுவதோ, எம் வீட்டுச் சுவர்களுக்குள் மறைந்து கிடக்கும் தகரக் குழாய்களைப் பற்றியது. பொருள் சிறிதென்று எண்ணி அன்பர்கள் ஏட்டைப் புரட்டிவிடாதிருக்க வேண்டுகின்றோம். ஒரு குடும்பத்தின் மூத்தவர் உடனிருப்பதும் பிரிந்து போவதும் அக்குழாய்களைப் பொறுத்து நின்றதெனின், அதனைச் சிறு பொருளென்று தள்ளுதல் கூடுமோ?

வட அமெரிக்கப் பேரேரிகளின் நடுவே அமைந்த மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் என்னும் பல்கலைக்கழக நகரில் எம் குடும்பம் வாழ்கின்றது. நம் நாட்டில் முன்பனிக்கும் இளவேனிலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு போர்வையளவினது. இவ்விடத்திலோ, ஜனவரி மாதத்து இரவுகளில் வெப்பநிலை நீர் உறையும் நிலைக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்குதல் அரிதன்று. ஜூலை மாதத்துப் பகல்களில் அது 30 டிகிரியைத் தொடுதலும் உண்டு. ஆதலின் வீட்டைச் சூடாக்கும் யந்திரமும் குளிர்விக்கும் யந்திரமும் இந்நாட்டாருக்கு ஆடம்பரப் பொருள்களல்ல. சமையலடுப்பும் குடிநீர்க் குழாயும் போல அவை இன்றியமையாதன.

அவ்வேற்பாடு எங்ஙனம் இயங்குகின்றது என்பதை முதலிற் கூறுதல் நலம். வீட்டின் நிலவறையில் எரிவாயுவால் எரியும் உலையொன்று உண்டு. அதனுள் ஓர் ஊதுவிசிறி, வீட்டுக் காற்றை இழுத்து, உலையின் சூடேறிய தகடுகளின்மீது செலுத்தும். சூடு பெற்ற காற்று ஒரு பெருங்குழாய் வழியே சென்று, கிளைக் குழாய்களாகப் பிரிந்து, ஒவ்வோர் அறையின் தரையிலுமுள்ள காற்றுவாயில் வெளிப்படும். ஆறிய காற்று வேறொரு பெருவாய் வழியே மீண்டும் உலையை வந்து அடையும். கோடையில் உலை ஓய்ந்திருக்க, அதன் மேலமைந்த குளிர்ச்சுருள் அக்காற்றைக் குளிர்விக்கும். விசிறியும் ஒன்றே, குழாய்களும் அவையே. இவையனைத்தையும் ஆள்வது கூடத்துச் சுவரில் மாட்டிய கையகலக் கருவியொன்று. தெர்மாஸ்டாட் என்பது அதன் பெயர். வேண்டிய வெப்பநிலையை அதிற் குறித்துவிட்டால், அந்நிலை எய்தும்வரை அது யந்திரத்தை இயக்கும், எய்தியவுடன் நிறுத்தும்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. அக்கருவி அறிவது தான் தொங்கும் சுவரின் அருகிலுள்ள காற்றின் நிலையை மட்டுமே. கூடம் இதமாயிருப்பின் வீடு முழுதும் இதமாயிருப்பதாக அது கொள்ளும். மாடியறையில் ஒருவர் நடுங்கினும் வியர்த்தாலும் அச்செய்தி அதனிடம் செல்ல வழியில்லை. ஒரு வீட்டிற்கு ஓர் அளவுகருவி என்னும் முறையின் குறை முழுதும் இவ்வொரு செய்தியில் அடங்கியுள்ளது.

எம் வீடு 1980-களிற் கட்டப்பெற்ற இரண்டடுக்கு வீடு. கீழே கூடமும் சமையலறையும் உண்ணும் அறையும் உள; படுக்கையறைகள் யாவும் மாடியில் அமைந்தன. அவற்றுள் ஒன்று கார்க் கொட்டகையின் மேலுள்ளது. 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம், எம் அன்னையார் தம் எழுபத்தெட்டாம் வயதில் நெல்லைச் சீமையிலிருந்து எம்முடன் வாழ வந்தபொழுது, அவ்வறையே அவருக்கென அமைந்தது. குளியலறை அடுத்துள்ளது, கீழ்த்திசைச் சாளரத்தின் வழியே காலை வெயில் கட்டிலின்மேல் விழும், அவ்வொளியில் அவர் வாசிக்கலாம். ஆயின் அவ்வறைக்கு மூன்று புறமும் வெளிச்சுவர். தரைக்குக் கீழோ, சூடூட்டப்படாத கொட்டகை. உலையிலிருந்து அதற்குச் செல்லும் குழாய் மற்றெல்லாக் குழாய்களினும் நீண்டது. அதுவும் அக்குளிர்ந்த கொட்டகையின் கூரையை ஒட்டியே சென்றது. டிசம்பர் மாதத்து இரவொன்றில், கூடத்தில் 21 டிகிரி இருந்தபொழுது, அன்னையார் கட்டிலருகே யாம் வைத்த உஷ்ணமானி 16 டிகிரி காட்டிற்று.

ஐந்து டிகிரி வேறுபாடு இளைஞர்க்கு ஒரு பொருட்டன்று. முதியோர் நிலை வேறு. வயது ஏறுந்தோறும் தோலின் இரத்தக்குழாய்கள் குளிருக்கேற்பச் சுருங்கும் ஆற்றல் குறையும். உடல் தானே சூட்டை உண்டாக்கும் திறனும் தளரும். குளிர்கின்றது என்னும் உணர்வே சிலருக்குக் காலந்தாழ்த்துத் தோன்றும். உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் வெளியிட்ட குடியிருப்பு நல வழிகாட்டி, குளிர் நாடுகளில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையாதிருத்தல் நலமென்றும், முதியோர்க்கும் பிணியாளர்க்கும் அதனினும் மிகுதி வேண்டப்படலாமென்றும் கூறுகின்றது. எம் அன்னையாரின் அறை அக்குறைந்த அளவினும் தாழ்ந்திருந்தது.

அவர் முறையிடும் இயல்பினரல்லர். ஆயினும் ஒரு நாட் காலை, இரண்டு கம்பளிச் சட்டைகளின்மேல் ஒரு சால்வையும் போர்த்தியவராய்க் கூடத்திற்கு இறங்கி வந்து, அக்கருவியை உற்று நோக்கி அவர் கூறிய சொல்லை, அவர் வாய்மொழியாகவே தருகின்றோம்.

"ஏன் ஐயா, இந்தப் பெட்டிக்குக் குளிரலைன்னா எனக்கும் குளிரக்கூடாதுன்னு சட்டமா?"

பேரப்பிள்ளைகள் நகைத்தனர், அவரும் உடன் நகைத்தார். ஆனால் அன்றே, பிப்ரவரி மாதத்துக் கப்பலிலோ ஆகாய விமானத்திலோ தம்மை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று வினவினார். கப்பல் என்றது வேடிக்கைக்கு. ஊருக்கு என்றது வேடிக்கைக்கன்று. ஊரில் அவர் தனியே இருத்தல் வேண்டும். கண்பார்வை மங்கிவருங் காலத்தில் அஃது எத்தகைய வாழ்வென்பதை அவரும் அறிவார்; யாமும் அறிவோம்.

அண்டை அயலார் கூறும் எளிய வழிகள் மூன்று. கூடத்துக் கருவியை உயர்த்தி வைத்தல் முதல் வழி. அங்ஙனம் 25 டிகிரிக்கு உயர்த்தினால் அன்னையார் அறை ஒருவாறு இதம் பெறும். கீழே உள்ளோர் வியர்த்துச் சாளரங்களைத் திறப்பர். எரிவாயுக் கட்டணம் ஏறும். கீழ்த்தளத்துக் காற்றுவாய்களை மூடிவிடுதல் இரண்டாம் வழி. இதன் தீமையைப் பின்னர்க் கூறுவோம். அறையில் மின்சாரக் கணப்பொன்றை வைத்தல் மூன்றாம் வழி. அதனைச் சுவரிலுள்ள மின்வாயில் நேரே பொருத்தவேண்டும். துணி, படுக்கை முதலியவற்றினின்றும் மூன்றடி விலக்கி வைக்கவேண்டும். உறங்குமுன் அணைத்துவிட வேண்டும் என்பது இந்நாட்டுத் தீயணைப்புத் துறையினர் இடைவிடாது கூறும் எச்சரிக்கை. குளிர் மிகுவது உறங்கும்பொழுதேயாதலின், உறங்குமுன் அணைக்க வேண்டிய கணப்பு யாது பயன் தரும்?

இந்நிலையில் யாம் அறிந்ததே வெப்ப வலயங்கள் என்னும் முறை. வீட்டை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கொரு தெர்மாஸ்டாட் வைத்து, அப்பகுதிக்குச் செல்லும் குழாயினுள் மின்விசையால் திறந்து மூடும் தகடொன்றைப் பொருத்துவர். டாம்பர் என வழங்கும் அத்தகட்டை, வாய்க்காலின் மடை போன்றது என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். எப்பகுதி சூடு வேண்டுகின்றதோ அப்பகுதியின் மடை திறக்கும். வேண்டாத பகுதியின் மடை அடையும். இவற்றினிடையே 24 வோல்ட் மின்சாரத்தால் இயங்கும் கட்டுப்பாட்டுப் பலகையொன்று நின்று, தெர்மாஸ்டாட்டுகளின் வேண்டுகோளைக் கேட்டு, மடைகளுக்கும் உலைக்கும் ஆணையிடும். புதிய உலை வாங்க வேண்டுவதில்லை. இருக்கும் ஏற்பாட்டிலேயே இதனைச் சேர்த்துக் கொள்ளலாம்.

இவ்வெண்ணம் புதியதன்று. விஸ்கான்ஸின் மாநிலத்து வைட்வாட்டர் நகரில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் போதித்து வந்த வாரன் ஜான்ஸன் என்பவர் 1883-ல் மின்சாரத் தெர்மாஸ்டாட் ஒன்றிற்கு உரிமைச் சாசனம் பெற்றார். அக்காலத்தில் பணியாள் ஒருவர் வகுப்புகள்தோறும் நுழைந்து உஷ்ணமானியைப் பார்த்துச் சென்று, கீழே உலையின் தகடுகளைத் திறப்பதும் மூடுவதும் வழக்கமாயிருந்தது. பாடம் நடக்கும்போதே நிகழ்ந்த இவ்விடையூற்றைப் போக்கவே, அறையின் நிலையை மணியடித்து உலையருகே அறிவிக்கும் கருவியை அவர் அமைத்தனர். 1885-ல் மில்வாக்கி நகரில் தம் கம்பெனியைத் தொடங்கினர். 1895-ல், அழுத்தக் காற்றின் துணையால் ஒரு கட்டடத்தின் அறைகளைத் தனித்தனியே ஆளும் முறைக்கும் சாசனம் பெற்றனர். 1919-ல் நியூ ஜெர்ஸி மாநிலத்து மாரிஸ்டவுன் நகரைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் என்னும் பெண்மணி, தனித்தனியே ஆளத்தக்க பல எரிவாயுப் பகுதிகளைக் கொண்ட உலையொன்றிற்குச் சாசனம் பெற்றனர். வகுப்பறையில் ஓர் ஆசிரியருக்கு நேர்ந்த தொல்லையினின்றும் இக்கலை பிறந்ததென்பது, கலாசாலை மலரில் எழுதும் எமக்குச் சிறிது பெருமை தருவதேயாம்.

நிற்க. 2023-ம் ஆண்டு ஜனவரியில், இத்தொழில் செய்யும் ஒரு நிறுவனத்தாரை அழைத்தோம். அவர்கள் வீட்டை அரைமணி நேரம் சுற்றிப் பார்த்து, கீழ்த்தளம் ஒரு வலயம், மாடியறைகள் ஒரு வலயம், அன்னையார் அறை தனியொரு வலயம் என மூன்றாகப் பிரித்து, இரண்டு நாட்களில் வேலையை முடித்துச் சென்றனர். கேட்போர்க்கு இதனினும் நேரிய பங்கீடு வேறில்லை என்றே தோன்றும். குளிர்வது அன்னையாருக்கு, ஆதலின் அவருக்கென ஒரு மடை, அவருக்கென ஒரு கருவி.

அன்றிரவே தொல்லை தொடங்கிற்று. மற்ற இரு வலயங்களும் போதிய சூடு பெற்று மடையடைத்தபின், அன்னையார் அறை மட்டும் சூடு வேண்டி நின்றபொழுது, அவ்வறையின் காற்றுவாய் சீழ்க்கையடிக்கலாயிற்று. சில நிமிடங்களில் உலை தானே அணைந்தது. விசிறி மட்டும் வெறுங்காற்றை ஊதிற்று. சிறிது நேரஞ் சென்று உலை மீண்டும் எரிந்தது, மீண்டும் அணைந்தது. விடியும்வரை இவ்வண்ணமே நிகழ்ந்தது. காலையில் அவ்வறையின் வெப்பநிலை 17 டிகிரி. பழைய குளிருடன் உறக்கமின்மையும் சேர்ந்ததே கண்ட பயன். நிறுவனத்தாரைக் கேட்டபொழுது, புதிய ஏற்பாடு பழகச் சில நாட்கள் ஆகுமென்றனர். தகரக் குழாய் பழகிக்கொள்ளும் என்பதை யாம் அதற்கு முன் கேட்டதில்லை.

பின்னர் வந்தவர், இத்தொழிலில் முதிர்ந்த கம்மியர் ஒருவர். அவர் தம் பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது திருப்புளியன்று, அழுத்தமானி. நம் கலாசாலைப் பௌதிகசாலையில், யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் நீரை ஊற்றி, ஒரு முனையில் ஊதி, மறுமுனையில் நீர்மட்டம் ஏறுவதை அளந்த நாட்களை அன்பர்கள் மறந்திரார். அவர் கொணர்ந்தது அதன் மின்சார வடிவமே. குழாய்களிலுள்ள காற்றழுத்தத்தை இந்நாட்டுக் கம்மியர் இன்றும் நீர்மட்ட அங்குலத்தாலேயே அளக்கின்றனர். எம் உலை தாங்குதற்கென அதன் தகட்டில் எழுதியிருந்த அளவு அரை அங்குலம். எல்லா மடைகளும் திறந்திருந்தபொழுது மானி ஏறத்தாழ அதனையே காட்டிற்று. அன்னையாரின் மடை ஒன்றுமட்டும் திறந்திருந்தபொழுது ஓர் அங்குலத்தையும் கடந்தது.

அவர் கூறிய விளக்கம் இது. குளிர்விக்கும் யந்திரத்தின் ஆற்றலை டன் கணக்கால் அளப்பர். ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்க வேண்டும் வெப்பம் எவ்வளவோ அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் அகற்றுவது ஒரு டன் யந்திரம். மணிக்கு 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு என்பது அதன் கணக்கு. ஒரு டன்னுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 கன அடிக் காற்று சுருளின் மேற் செல்லுதல் வேண்டும். எம்முடையது மூன்று டன். ஆகவே 1,200 கன அடி. உலைக்கும் ஏறத்தாழ அவ்வளவே வேண்டும். அன்னையார் அறைக்குச் செல்லும் ஆறங்குலக் குழாயோ, முறையான அழுத்தத்தில் நிமிடத்திற்கு 100 கன அடியளவே கொண்டு செல்லும். பன்னிரண்டில் ஒரு பங்கு. எஞ்சிய பதினொரு பங்கு எங்கே செல்லும்? செல்ல இடமின்மையால் அழுத்தம் ஏறும், விசிறி திணறும், சூடேறிய தகடுகளின்மேற் காற்றுப் போதாமையால் அவை அளவு கடந்து காயும், உடனே காவல்விசையொன்று எரிவாயுவை நிறுத்திவிடும். கோடையாயின் சுருளின்மேல் ஈரம் உறைந்து பனிக்கட்டியாய்ப் படரும். மிக்க தேவையுடைய அறை, தனியொரு வலயமாதற்கு மிகச் சிறியது. இதுவே இச்செய்தியின் முடிச்சு. கீழ்த்தளத்துக் காற்றுவாய்களை மூடுதல் தீதென்று முன்னர் யாம் கூறியதும் இக்காரணம் பற்றியே.

அவர் ஆங்கிலத்திற் கூறியதை யாம் மொழிபெயர்த்து உரைக்க, அன்னையார் செவிமடுத்துக் கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர் குளத்துப் பாசனத்து ஊர். நெல்லைச் சீமையில் ஏரியைக் குளமென்றும், மிகுநீர் வழிந்தோடும் வாயை மறுகாலென்றும் வழங்குவர் என்பதை வேற்றூர் அன்பர்கட்குக் கூறிவைக்கின்றோம். யாம் கூறி முடிக்குமுன்னரே அவர் குறுக்கிட்டார்.

"மடையையும் அடைச்சு மறுகாலையும் அடைச்சா குளம் உடைஞ்சிராதா, ஐயா? இது தெரியாமலா அந்தப் பிள்ளைகள் வேலைக்கு வந்தாங்க?"

இதனை யாம் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தபொழுது, அக்கம்மியர் தம் தலைத்தொப்பியை எடுத்து அன்னையாரை வணங்கினர். இத்தொழிலில் பெருஞ் சர்ச்சைக்குரிய பொருள் அதுவே என்றார். மிகுந்த காற்றை மீள்காற்று வழியிலேயே திருப்பிவிடும் மறுகாற் குழாயைச் சிலர் அமைப்பர். ஆயின் சூடேறிய காற்றே மீண்டும் உலைக்குட் சென்று மேலும் சூடேறுமாதலின், அது நோயை ஒருபுறம் தணித்து மறுபுறம் வளர்ப்பதாகும். மறுகால் நீரை வேறொரு வயலுக்குப் பாய்ச்சுதலே சிறந்தது.

அவர் செய்த வேலையின் முறைவைப்பை மாணவ நண்பர்கள் கருத்தில் வைத்தல் தகும். மடைகளை அவர் முதலிற் தொடவில்லை. கொட்டகையின் கூரையைத் திறந்து, அதனூடு செல்லும் குழாயின் பொருத்துவாய்களைச் சோதித்தார். இரண்டிடங்களில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. இந்நாட்டு வீடுகளில் குழாய் வழியே செல்லும் காற்றில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்குவரை இங்ஙனம் ஒழுகிவிடுதல் பொதுவென்று அரசாங்கத்தாரின் எரிபொருட் சிக்கனத் திட்டம் கூறுகின்றது. அன்னையாருக்கென அனுப்பிய சூட்டில் ஒரு பங்கு காருக்குப் போய்க்கொண்டிருந்தது! மாஸ்டிக் என்னும் பசையால் அவ்விடைவெளிகளை அடைத்தார். குழாய்க்கென்றே பெயர்பெற்ற துணிநாடாவை அவர் பயன்படுத்தவில்லை. அது சூட்டில் விரைவிற் கழன்றுவிடும் என்பது, கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலையார் 1998-ல் சோதித்து வெளியிட்ட முடிவு. அதன்பின் கொட்டகைக் கூரைக்கும் அறைத் தரைக்கும் இடையே சரிந்து கிடந்த கண்ணாடிப் பஞ்சை நீக்கி, வெப்பம் கடவாதபடி புதியதைச் செறிய நிரப்பினார். ஆறங்குலக் குழாயை எட்டங்குலமாக்கினார். இவை முடிந்த அளவிலேயே, வலயமொன்றும் இன்றி, அவ்வறையின் குறை ஐந்து டிகிரியினின்றும் இரண்டரை டிகிரியாகக் குறைந்தது. பசையும் பஞ்சும் மின்மடைகளினும் விலை குறைந்தவை. அவை செய்த உதவியோ அவற்றினும் குறைந்ததன்று.

அடுத்து, மூன்று வலயங்களை இரண்டாக்கினார். கீழ்த்தளம் ஒன்று, அன்னையார் அறையுட்பட மாடி முழுதும் ஒன்று. மாடி முழுதும் சேர்ந்தால் யந்திரத்தின் காற்றில் ஏறத்தாழ பாதியை ஏற்கும். எம் உலை பெருந்தீ, சிறுதீ என இருநிலையில் எரியவல்லது. ஒரு வலயம் மட்டும் வேண்டும்பொழுது சிறுதீயே எரியுமாறு பலகையைத் திருத்தினார். எவ்வலயத்து மடையும் முற்றும் அடையாமல் சிறிது திறந்தே நிற்கும்படி வைத்தார். மிகுந்த காற்று மறு வலயத்துக்கு மெல்லச் செல்லும். அன்னையார் கூறிய மறுகால் இதுவேயாம். குழாய்க் காற்று அளவு கடந்து காய்ந்தாலும் குளிர்ந்தாலும் யந்திரத்தை நிறுத்தும் உணர்கருவியொன்றையும் பெருங்குழாயில் வைத்தார்.

இனி எஞ்சியது ஒரு வினா. மாடிக்கு ஒரு தெர்மாஸ்டாட். அதனை எங்கே வைப்பது? மாடிப்படியின் மேலுள்ள இடைவழியில் வைப்பதே பொது வழக்கம். யாவருக்கும் பொதுவான இடம் அதுவாதலின். ஆயின் இடைவழியில் உறங்குபவர் ஒருவருமிலர். அங்கு வைப்பின், கூடத்துக் கருவி செய்த பிழையை மாடிக் கருவி மீண்டும் செய்யும். கம்மியர் தம் கருத்தைக் கூறாது எம்மை நோக்கினர். இது குழாய்க் கணக்கன்று, குடும்பக் கணக்கு என்பது அவர் பார்வையின் பொருள்.

அன்று மாலை வீட்டார் அனைவரும் கூடிப் பேசினோம். உணர்கருவியைப் பாட்டியார் அறையில் வைத்தால் அவர் அறை 21 டிகிரி அடையும்வரை மாடி முழுதும் சூடு பாயும். ஏனைய அறைகள் சற்று மிகையாகவே காயும். கைமடைகளால் அவ்வறைகளுக்குச் செல்லும் காற்றைக் குறைக்கலாமேனும், ஒரு டிகிரி வேறுபாடு நின்றே தீரும். குளிர்ந்த அறையில் உறங்குவதை விரும்புபவள் எம் மகள். அவளே முதலிற் பேசினாள். "எனக்கு மிகையானால் நான் போர்வையை எடுத்துவிடுவேன், பாட்டிக்குக் குறைந்தால் அவர்கள் எதை எடுத்துப் போர்த்துவார்கள்?" என்றாள். அதற்குமேல் விவாதிக்க ஒன்றுமில்லை. கருவி அன்னையாரின் கட்டிலருகே, அவர் கைக்கெட்டும் உயரத்தில், வெயிலும் காற்றுவாயின் சூடும் நேரே படாத உட்சுவரில் அமைந்தது. அதன் எண்கள் பெரியன. மங்கிய கண்ணுக்கும் தெரிவன.

பிப்ரவரி மாதம் வந்தது, சென்றது. ஊருக்குப் போகும் பேச்சை அன்னையார் எடுக்கவில்லை. ஒரு நாள் இரவு வெளியே உறைநிலைக்குக் கீழ் 14 டிகிரி. உள்ளே அவர் அறையில் 21 டிகிரி. கம்பளிச் சட்டை இரண்டில் ஒன்று பெட்டிக்குட் சென்றது. அவ்வாண்டு ஜூலையிலும் பயன் கண்டோம். முன்னெல்லாம் கூடம் 24 டிகிரியிலிருக்கக் கூரையின் வெம்மையால் அவ்வறை 29 டிகிரிவரை ஏறும். இப்பொழுது மாடியே தன் குளிரைத் தானே கேட்டுப் பெறுகின்றது. 26 டிகிரிக்குமேல் ஏறியதில்லை. 26 டிகிரியே தமக்கு இதம் என்றும், அதற்குக் கீழ்ப்பட்டது பேரப்பிள்ளைகளின் அமெரிக்கக் குளிர் என்றும் அன்னையார் தீர்ப்பளித்துள்ளார்.

இம்முறை எல்லாக் குறையையும் தீர்ப்பதென்று யாம் கூறோம். யந்திரம் ஒன்றே. ஏப்ரல் மாதத்துக் காலையில் கீழ்த்தளம் சூடு கேட்க, வெயில் விழுந்த மாடி குளிர் கேட்டல் உண்டு. அப்பொழுது பலகை ஒன்றின் வேண்டுகோளை முடித்து, சிறிது பொறுத்து, மற்றதனைக் கேட்கும். ஒரே வேளையில் இரண்டும் தரலாகாது. மின்மடைகள் பழுதுபடும், அவற்றை நாடிப் பார்க்க வழி விட்டிருத்தல் வேண்டும். அன்றியும், உலையின் ஆற்றல் வலயங்களால் ஒரு சிறிதும் பெருகுவதில்லை; இருப்பது பங்கிடப்படுகின்றது, அவ்வளவே. ஓர் அறை மட்டும் ஏனையவற்றினும் மிகவும் வேறுபட்டதாயின், அதற்கெனத் தனியே சிறு யந்திரமொன்றைச் சுவரில் மாட்டுதல் நலமென்று அக்கம்மியரே கூறிச் சென்றனர்.

மாணவ நண்பர்களே, நீவிர் நாளை மருத்துவசாலைகளையும் பள்ளிகளையும் அலுவலகங்களையும் நடத்தப் போகின்றவர்கள். எல்லாம் நலமே நடக்கின்றதென்று காட்டும் கணக்கும் மானியும் உங்கள் மேசைக்கு வரும். அவை பொய் கூறா. ஆயின் தாம் தொங்கும் சுவரின் நிலையை மட்டுமே கூறும். அவற்றைப் பார்த்து மகிழுமுன், அவை எங்கே மாட்டப்பட்டுள்ளன என்று ஒருமுறை எழுந்து சென்று பாருங்கள். நெடுந்தொலைவிலுள்ள சிற்றறையிற் குளிர்ந்திருப்பவருக்குத் தனியொரு யந்திரம் தர இயலாதிருக்கலாம். தனியொரு மடைகூடத் தர இயலாதிருக்கலாம். அளவுகருவியை அவர் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தல் பெரும்பாலும் இயலும்.